மஞ்சள் கோட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் முதலாளி துளசிராமனுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. தகட்டை வாங்கி விரலால் தடவியே எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்லிவிடுவார். அதே விரலால்தான் போன மாதம் கம்ப்யூட்டரில் ஒரு மெயிலைத் திறந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது எங்கள் கம்பெனி. கார் சீட்டுக்கு அடியில் வரும் பிராக்கெட்டுகளை பிரஸ் மெஷினில் அடித்துக் கொடுக்கிறோம். ஆபீஸ் என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். அன்று நான் சாப்பிடப் போன இருபது நிமிடத்தில் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, 'அவசரம், புது ஆர்டர்' என்று வந்ததை ஆசையாக அழுத்திவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. பிராக்கெட் டிராயிங் அத்தனைக்கும் எவனோ பூட்டுப் போட்டிருந்தான். நான்கு நாள் பிரஸ் ஓடவில்லை. சனிக்கிழமைதோறும் நான் தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் வைப்பேன். அதை வைத்துத்தான் பிழைத்தோம். அதற்காக யாரும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை என்பது வேறு விஷயம்.

எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி சும்மா விடவில்லை. சைபர் பாதுகாப்பு ஆடிட் என்று தேதி குறித்துவிட்டார்கள். தேறாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

குவாலிட்டி பார்க்கும் மதிவாணன் களத்தில் இறங்கினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரம் ஒன்றுதான். பிரஸ்ஸைச் சுற்றி இருப்பதுபோல என் மேஜையைச் சுற்றியும் மஞ்சள் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி வருகிறவர் ரெஜிஸ்டரில் பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சுவரில் 'சைபர் விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு. காலை ஷிப்டில் எல்லோரும் வலது கையை நீட்டி, 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று உறுதிமொழி எடுத்தோம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத கேன்டீன் அங்காளம்மாள்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னாள்.

பாஸ்வேர்டை மாற்றினால் கேட்டில் இருக்கும் வரதனிடம் பழையது, புதியது, தேதி எல்லாம் பதிய வேண்டும். செக்யூரிட்டி என்றால் அவர்தானே! லாரி டிரைவர்கள் கையெழுத்துப் போடும் அதே நோட்டில் வரதன் அதை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார்.

"சார், ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க. தெரியாத மெயில் வந்தா, அனுப்புனவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கினு தொறக்கச் சொல்லுங்க. அது போதும்" என்றேன்.

"அதெல்லாம் ஆடிட் போட்டோல தெரியாது சுகிர்தா" என்றார் மதிவாணன். "கண்ணுக்குத் தெரியற மாதிரி இன்னா கீது, அத்தச் சொல்லு."

பிறகு 'ஏன்-ஏன்' பாரம் என்ற படிவம் வந்தது. எங்கள் கம்பெனியில் எது கெட்டாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுதுவோம். ஐந்தாவது ஏனுக்கு எப்போதும் ஒரு ஆபரேட்டர்தான் மாட்டுவார். கூரை ஒழுகினால்கூட, ஆபரேட்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றுதான் முடியும். இந்த முறை மதிவாணன் முன்பே நிரப்பி வைத்திருந்தார். ஐந்தாவது பதில்: ஆபரேட்டர் சுகிர்தாவுக்கு விழிப்புணர்வு இல்லை. நடவடிக்கை: ஆபரேட்டர் நீக்கம்.

பாரத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், மெயிலத் தொறந்தது நீங்க."

அவர் ஒரு தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதாம்மா? என் பேர எழுதுனா கம்பெனி பேரே கெட்டுப்பூடும். உன் பேர எழுதுனா இன்னா ஆயிடும்?"

"வேலை பூடும் சார்."

"பேப்பர்லதான்மா. ஆடிட் அன்னிக்கு ஒரு நாள் கேன்டீன்ல உக்காந்துக்கினு இரு. மறுநாள் உன் சீட்டு உனக்குத்தான்."

பேப்பரில்தானாம்! அந்தப் பேப்பரைப் பெரிய கம்பெனி தனக்குச் சரக்கு தரும் நாற்பது கம்பெனிகளுக்கும் அனுப்பும். எல்லா நோட்டீஸ் போர்டிலும் பாடமாக ஒட்டுவார்கள். நாளைக்கு சிப்காட்டில் நான் எந்தக் கதவைத் தட்டினாலும், 'வைரஸ் விட்ட பொண்ணா நீ?' என்பார்கள். எட்டு வருடம் கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து சம்பாதித்த பெயர் அது.

ஆடிட் நாள் வந்தது. போர்டில் இருபத்து நான்கு என்று எழுதியிருந்தது. நான் அங்காளம்மாளோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேன்டீனுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், பேசுவதெல்லாம் கேட்டது.

பெரிய கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் ஹெலன் மேடம் மஞ்சள் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாரத்தைத்தான் கேட்டு வாங்கினார்.

"ஆபரேட்டரை நீக்கிட்டீங்களா?"

"அன்னிக்கே மேடம்" என்றார் முதலாளி. "இப்ப கம்ப்யூட்டர நானேதான் பாத்துக்கினு இருக்கேன்."

"நல்லது. நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் லேப்டாப்ல கொஞ்சம் எழுதிக்கிறேன்."

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலாளியின் குரல் கூரையைத் தொட்டது.

"மதி, ஓடியா! ஆடிட்டு பாஸு! மெயில்ல சர்ட்டிபிகேட் வந்துகீது, தொறக்கறேன் பாரு!"

எந்தச் சர்ட்டிபிகேட் வந்தாலும் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லோரும் கைதட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். தட்டினார்கள். வரதன் கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து தட்டினார்.

சத்தம் அடங்கியதும் ஹெலன் மேடம் நிதானமாகச் சொன்னார். "அந்த மெயில் நான் அனுப்பினது சார். ஆடிட்டே இன்னும் முடியல. அதுக்குள்ள சர்ட்டிபிகேட் எப்படி வரும்?"

செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் பிரஸ் பக்கம் நகர்ந்தன.

"போன மாசம் திறந்தது யாரு?"

மதிவாணனின் இருமல்தான் கேட்டது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனேன்.

"நான்தான் மேடம் சுகிர்தா. நீக்குன ஆபரேட்டர். அன்னிக்கு நான் சாப்புடப் போயிருந்தேன்."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயம்தான் பாதிக் காரணம்.

"காப்பி எடுத்து வெச்சிருந்ததா எழுதியிருக்கே, அது யாரு?" என்று கேட்டார் மேடம்.

அதற்கு மட்டும் மதிவாணனுக்கு வாய் வந்தது. "இந்தப் பொண்ணுதான் மேடம்."

ஹெலன் மேடம் பாரத்தை முதலாளி முன்னால் வைத்தார். "நடவடிக்கை சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆபரேட்டரைக் கம்ப்யூட்டர்லேருந்து நீக்கணும். பேரை மட்டும் மாத்திக் குடுங்க. மூணு மாசம் டைம் தர்றேன். இந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க. அதுவரைக்கும் ஆர்டர் இங்கதான் இருக்கும்."

முதலாளி பேனாவைத் திறந்தார், மூடினார். "நாளைக்கு அனுப்பறேன் மேடம்" என்றார்.

மேடம் போனதும் போர்டில் இருபத்து நான்கை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை முதலாளி மஞ்சள் கோட்டில் கால் விரல் படாமல் வந்து நின்றார். கையில் அந்த பாரம் அப்படியே இருந்தது.

"உள்ள வரலாமாம்மா? மெயில் எதுனா வந்துகீதான்னு பாக்கணும்."

"மொதல்ல அந்த பாரத்த முடிங்க சார்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு பாரத்தைச் சுவரில் வைத்து என் பெயரை அடித்தார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கேட்காமலே ரெஜிஸ்டரையும் எடுத்து, முதல் முறையாகக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'சும்மா பார்க்க' என்று எழுதினார்.

"பாக்க மட்டும் சார்" என்று சொல்லி, மவுஸைக் கழற்றி டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.