அரிதாளில் ஆர்ஜா

அந்தியோக்கு எனக்குத் தரவேண்டியது மூவாயிரத்து நானூறு லிரா. குளிர்காலத்தில் காற்று அவன் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது, புது ஓடு வாங்கக் கொடுத்த பணம். கோதுமை அறுப்புக் கூலியில் தருகிறேன் என்றான். எனக்கும் பயமில்லை. ஒரே நிரையில் பக்கத்தில் நின்று அறுக்கிறவன் எங்கே ஓடிவிடப் போகிறான்?

அறுப்பு பாதிகூட ஆகவில்லை. வெயில் ஏறின நேரத்தில், கட்டுக் கட்டக் குனிந்தவன் கையை உதறினான். முன்கையில் ஊசி பட்ட மாதிரி ஒரு தடம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே வேலை செய்தான். அப்புறம் இடுப்பைப் பிடித்தான். வயிற்றைப் பிடித்தான். பிறகு கதிர்க்கட்டின்மேல் சரிந்தான். சட்டையைப் பிழியலாம், அப்படி ஒரு வியர்வை.

"ஆர்ஜா!" என்றார்கள் எல்லாரும்.

சர்தீனியாத் தீவில், எங்கள் பக்கத்து அறுப்புக்காரர்கள் கடிக்கிற விஷப்பூச்சியை ஆர்ஜா என்பார்கள். அது மூன்று வகை. கன்னி என்பது எறும்பு மாதிரி தரையில் ஓடும். முதுகு சிவப்பு, வயிற்றில் வெள்ளைப் பொட்டு. மற்ற இரண்டும் சிலந்தி. கறுப்பு உடம்பில் சிவப்புப் பொட்டும் பொட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பும் இருந்தால் மணப்பெண். பொட்டே இல்லாமல் முழுக் கறுப்பு என்றால் கைம்பெண். எது கடித்ததோ அந்த நிலையில் இருக்கிற பெண்கள் வந்து ஆடிப்பாடிக் கடிபட்டவனைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தால் வலி இறங்கும்.

எங்கள் பண்ணையில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிலந்தி கடித்துப் படுத்தவனுக்கு அறுப்பு முடியும்வரை முக்கால் கூலி. கன்னி கொட்டினால் ஒன்றும் கிடையாது, பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவான் என்று கணக்கு. ஆனால் பிராணியைப் பிடித்து மேஸ்திரியிடம் காட்ட வேண்டும்.

அந்தியோக்கை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். அவனுக்குக் கூலி இல்லையென்றால் எனக்கும் காசு இல்லை. அதனால் யாரும் சொல்லாமலே நான் போய் அவன் நின்ற இடத்தில் தேடினேன். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அரிதாளுக்கு நடுவில் கன்னி ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு. தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன். பிடித்த பெருமையில் நேரே மேஸ்திரி லரேந்துவிடம் கொண்டுபோனேன்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"கன்னிதான். சாயந்தரம் எந்திரிச்சுக் குதிப்பான் உன் கூட்டாளி. நாளைக்கு வரலேன்னா கூலி கிடையாது, சொல்லிடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காசுக்கு நானே குழி தோண்டியிருக்கிறேன்.

பின்னாலேயே நிக்கொலோசா வந்து நின்றாள். அந்தியோக்கின் மனைவி. புருஷனோடு வண்டியில் போனவள், பாதி வழியில் அவன் அக்காவைத் துணைக்கு ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடி வந்திருக்கிறாள்.

"அண்ணே, இதா கொட்டுச்சு? போன வருஷம் இது என் காலுல கொட்டி, காலு ரொட்டி மாவாட்டம் பொங்கிடுச்சு. அவரு கையில வீக்கமே இல்ல. வயிறுதான் பலகையாட்டம் இறுகிக் கெடக்கு."

"அங்கதாம்மா ஓடிட்டிருந்துச்சு" என்றேன்.

"ஓடிட்டிருந்தா? நீங்களுந்தான் அங்க நின்னீங்க. நீங்களா கடிச்சீங்க?"

"அவன் கடன் கொடுத்தவன். கடிச்சாலும் கடிப்பான்" என்றார் மேஸ்திரி. அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சரி, வண்டி திரும்பி வந்து இந்த நிரையை ஏத்துற வரைக்கும் தேடிக்கோ. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்றார் அவர்.

இந்தத் தடவை ஓடுகிறதைத் தேடவில்லை. இருவரும் மண்டியிட்டு, முகத்தைத் தரையோடு வைத்து, அரிதாளின் அடியைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம். முதலில் ஒரு பெரிய பழுப்புச் சிலந்தி, உள்ளங்கை அகலம், காலெல்லாம் வரி.

"ஐயோ!"

"இது வலை கட்டாதும்மா. பொந்துல இருந்து ஓடிப் பிடிக்கறது. போகட்டும்."

அப்புறம் ஒரு சின்னக் கறுப்பு. அவள் கையோடு கொண்டுவந்திருந்த கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கப் போனாள். குனிந்து பார்த்தேன். முன்வயிற்றில் பிறைபோல ஒரு மஞ்சள் கோடு. சிவப்புப் பொட்டும் இல்லை, முழுக் கறுப்பும் இல்லை. அதையும் விட்டோம். வெயிலில் பிடரி எரிந்தது. அங்கங்கே நூல் தெரிந்த இடத்தில் வைக்கோலை விட்டு இழுத்துப் பார்த்தேன். ஆர்ஜாவின் நூல் என்றால் அறும்போது சத்தம் கேட்கும். இதெல்லாம் சத்தமில்லாமல் அறுந்தது.

வண்டிச் சத்தம் ஓடைப் பக்கம் கேட்க ஆரம்பித்தது.

அந்தியோக்கு கடைசியாகக் கட்டிய கட்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல். கல்லுக்கும் தாளுக்கும் நடுவே தாறுமாறாக நூல், ஒழுங்கே இல்லை. இழுத்ததும் காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி படபடவென்று சத்தம்.

"கேட்டுதா?" என்றாள் அவள்.

நூலில் வண்டுகளின் ஓடு தொங்கிக்கொண்டிருந்தது, சதையெல்லாம் உறிஞ்சின வெற்று ஓடு. கல்லைத் தூக்கினேன். கொண்டைக்கடலை அளவில் வெளிறின முட்டைப்பை. அதை அணைத்துக்கொண்டு ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. எண்ணெய் தடவின கறுப்பு. முதுகில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மெலிசாக வெள்ளை விளிம்பு. அது அசையவே இல்லை. இத்தனை கலாட்டாவுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி இருந்தது.

நிக்கொலோசா தம்ளரைக் கீழே பிடித்தாள். நான் வைக்கோலால் தள்ளினேன்.

மேஸ்திரி தம்ளரை வெளிச்சத்தில் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"விளிம்பு இருக்கு" என்றார். "மணப்பெண்தான். போங்க, கல்யாணமான பொண்ணுங்களைக் கூப்பிடுங்க. முக்கால் கூலி எழுதிக்கறேன்."

அன்று மாலை அந்தியோக்கின் வாசலில் அக்கார்டியன் வாசித்தார்கள். கல்யாணமான பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடினார்கள். அவனுக்கு மணப்பெண் முக்காடு போட்டு நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தான். அந்த வசந்தத்தில் கல்யாணமான பத்திஸ்தீனா கிட்டே வந்து அவன் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி பொண்ணே, மாப்பிள்ளை வீட்டார் வர்ற நாள்ல மீசையாவது மழிக்கக் கூடாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்தது, வலியோடேயே சிரித்தான். நிக்கொலோசா சுவரில் சாய்ந்து அழுதாள்.

அவன் தேறி எழும்போது களத்தில் போரடிப்பும் முடிந்திருந்தது. கூலி வாங்கின கையோடு என் வீட்டுக்கு வந்தான். மேஜைமேல் எண்ணி வைத்தான்.

"மூவாயிரம் இருக்கு."

"நானூறு?"

"எறும்பைத் தொப்பியில மூடிட்டுப் போய் என் கூலியில மண்ணள்ளிப் போடப் பாத்தியாமே. அதுக்குக் கழிச்சுட்டேன்."

"டேய், அப்புறம் சிலந்தியைக் கண்டுபிடிச்சது யாரு?"

"என் பொண்டாட்டி. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டிருக்கா."

எறும்பைத் தொப்பியில் மூடிக் கொண்டுபோனது நான்தானே. நோட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கோப்பையில் திராட்சை மது ஊற்றினேன்.

"சரி, கணக்கு தீந்துது" என்றேன்.