ஆறுதல் விழுந்த வீடு

மல்லசமுத்திரத்துக் காளியப்பன் வீட்டில் யார் ஆறுதல் சொன்னாலும் அது கல்லாகித் தரையில் விழுந்தது. மகன் சந்திரசேகரை அடக்கம் செய்த மறுநாளே இது தொடங்கிவிட்டது. வடக்கே ரிக் வண்டியோடு போர்க் கிணறு போடப் போனவன் அவன். வண்டியின் கம்பத்தைத் தூக்கும்போது மேலே போன மின்கம்பியில் பட்டு, பெட்டியில்தான் ஊர் வந்து சேர்ந்தான். துக்கம் கேட்க வந்த பெரிய மாமன் எல்லாம் விதி என்றார். அவர் மடியில் ஒரு ஜல்லி விழுந்தது. கூரை ஓடு பெயர்ந்துவிட்டது என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். அது கான்கிரீட் வீடு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலம் போனால் ஆறிவிடும் என்ற சித்திக்குக் கைப்பிடி அளவு கல். வலி தெரியாமல் போய்விட்டான் என்ற ரிக் முதலாளிக்கு முழுச் செங்கல் அளவு. அதற்காக யாரும் வராமல் இருந்துவிடவில்லை. துக்கம் கேட்காவிட்டால் சொந்தம் அறுந்துபோகும். வந்தார்கள், சொன்னார்கள், காலை மட்டும் முன்கூட்டியே இழுத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து டிராக்டர் வாரம் ஒரு முறை வந்து அள்ளிப்போய்க் காட்டு ரோட்டுக்குப் போட்டது. தரமான கல் என்று ரோடு போட்டவர்கள் சொன்னார்கள்.

தாய் அத்தாயிதான் எழுந்திருக்கவில்லை. மகனைக் கிடத்தியிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அவளைப் பார்த்துத்தானே எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் கல்லெல்லாம் அவளைச் சுற்றியே விழுந்தது. காளியப்பன் காலையில் பாண்டுச் சட்டியில் அள்ளி வெளியே கொட்டுவார். பொழுது சாய்வதற்குள் மறுபடி இடுப்பு வரை ஏறிவிடும். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். பெற்றதையும் கொடுத்தாகிவிட்டது, இவளையும் உயிரோடு மூடப்போகிறோம் என்று மாட்டுக் கொட்டகையில் போய் அவர் வாய்விட்டு அழுதார்.

குமாரபாளையத்து அங்கம்மாள் வந்தது அப்போதுதான். விசைத்தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்திலேயே கிடந்து, மெதுவாகப் பேசுவதையே மறந்தவள். புருஷனைக் காவிரி கொண்டுபோன பிறகு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒயர் கூடையில் வேதப் புத்தகத்தோடு பஸ் ஏறி, சாவு நடந்த வீடுகளைத் தேடிப் போவாள். எரிகிற வீட்டில் ஆள் பிடிக்க வந்துவிட்டாள் என்று சித்தி முணுமுணுத்தாள். அங்கம்மாள் காதில் வாங்காமல், கர்த்தர் எதைச் செய்தாலும் நன்மைக்கே என்றாள். ஆட்டுக்கல் பெருசுக்கு ஒன்று இறங்கி அத்தாயியின் கால் பெருவிரலை நசுக்கியது. இரத்தத்தைப் பார்த்த அங்கம்மாள் கல்லைப் புரட்டித் தள்ளினாள். எத்தனையோ வீடுகளில் இதையே சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் போனபோது அவளுக்கும் இதைத்தான் சொன்னார்கள். அன்று எங்கே விழுந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்து விரலுக்குக் கட்டிவிட்டு, கல்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதுவரை யாரோடும் பேசாத அத்தாயி வாய் திறந்தாள். "ஏனுங்க, பையனைப் பறிகொடுத்தா எப்புடி இருக்கும்னு உங்க சாமிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கக்கா. அவரு பையனையும் கொன்னு போட்டாங்க. பட்டப்பகல்லயே இருட்டுக் கட்டிப்போச்சுங்க. அன்னைக்கு அவரும் ஒரு வார்த்தை பேசலீங்க."

எதுவும் விழவில்லை. மேற்கொண்டு சொல்ல அங்கம்மாளுக்கு நாக்குத் துடித்தது, ஆனால் கட்டுப்போட்ட விரலைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தவள், மனம் எங்கேயோ இருந்ததால், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டாள். துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வருகிறேன் என்றால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்றுதான் ஆகும். இத்தனை சாவு வீடு பார்த்தவளுக்கு இது தெரியாதா? சித்தி அவள் தலைமுடியைப் பிடிக்கப் பாய்ந்தாள். காளியப்பன் கையில் அகப்பட்ட கல்லை ஓங்கிவிட்டார். அங்கம்மாள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடினாள். அத்தாயி மட்டும், அந்தம்மா மறுபடி எப்போது வரும் என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பஸ் வழியில் நின்றுபோனது. வெயில் இறங்கிய பிறகு, அடி விழும் என்று தெரிந்தே அங்கம்மாள் வந்தாள். வாசற்படலைப் பிடித்துக்கொண்டு அத்தாயி நின்றிருந்தாள். கல்லை மிதித்துத் தாண்டி அவள் தானாக வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பின்னால் காளியப்பன் கஞ்சிக் குண்டாவோடு, பேசினால் எங்கே மனைவி மறுபடி உள்ளே போய்விடுவாளோ என்று மூச்சுவிடாமல் நின்றார்.

"அந்தப் பையனுக்கு அப்புறம் என்னாச்சுங்க?" என்றாள் அத்தாயி.

அங்கம்மாள் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். தன் காலையும் நகர்த்திக்கொண்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்தப் பையன் கல்லறையை விட்டு எழுந்து வந்ததை, பல வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மெதுவான குரலில் சொன்னாள். கல் எதுவும் விழவில்லை, மண் மண்ணாகவே கிடந்தது. அத்தாயி நம்பிய மாதிரி தெரியவில்லை. காளியப்பன் கையிலிருந்த குண்டாவை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.