தள்ளைக் கரடி

தேயிலைச் சக்கையைக் கொட்ட அடுக்களைக்குப் பின்னால் வந்த ரெஜிலா, பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே கரடி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் விடிந்திருந்தது. முதலில் அதன் முதுகில் மயிர் பொங்கி நிற்பதாகத்தான் நினைத்தாள். பிறகு அந்த மயிருக்குள்ளிருந்து ஒரு சிறிய மூக்கு எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு குட்டிகள் தாயின் தோள்மயிரைப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தன.

ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இந்தத் தோட்டத்தை அவள் கணவன் ஜிஜின் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்தது தேனுக்காகத்தான். ரப்பர் துளிர்த்துத் தேன் சுரக்கும்போது, கொல்லயில் என்ற ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் தேன்பெட்டிகளோடு இங்கே வந்துவிடுவார்கள். இந்த வருஷம் பாதிப் பெட்டிகளைக் கரடி உடைத்துவிட்டது. படக்கம் வெடித்தும் தகரத்தைத் தட்டியும் பார்த்தாயிற்று. நேற்றுச் சாயங்காலம் மிச்சப் பெட்டிகளைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டிலிருந்தே நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டான் ஜிஜின்.

“அது செத்துப் போவும், கேட்டியளா?” என்று அப்போதே கேட்டாள் அவள்.

“சாவாது. ஒரு அடி கிட்டினா பின்ன இந்தப் பக்கம் வராது. அவ்வளவுதான்.”

அவன் சொன்னதை அவனே நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அதற்குமேல் பேசவில்லை. உடைந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்து அவளுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். கம்பிக்குக் கரண்ட் போகும் சுவிட்ச், ஜிஜின் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. போய் அணைத்தாள்.

“என்னடி?” கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“ஒண்ணுமில்ல. கெடங்க.”

அடுக்களை ஜன்னலுக்கு ஓடி வந்தபோது கரடி ஒரு காலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தது. கம்பி அதன் வயிற்றை அழுத்திக்கொண்டு வளைந்தது. சரியான சுவிட்சைத்தான் அணைத்தோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கரடி சாவகாசமாக அடுத்த காலையும் எடுத்து வைத்தது. முதல் பெட்டியை ஒரே தள்ளில் கவிழ்த்தது.

சத்தம் கேட்டு ஜிஜின் ஓடி வந்தான். ஜன்னல் வழியே பார்த்தான். கரடியின் பின்னங்காலில் கம்பி உரசிக்கொண்டிருந்தது.

“நீ அணைச்சியா?”

அவன் திரும்பி அறைக்குப் போனான்.

“தள்ளையாக்கும் அது. குட்டி உண்டு,” என்றாள், முதுகைப் பார்த்து.

வெளியே ஒரு குட்டி வழுக்கி இறங்கி, கம்பியை மோந்து, பின்பு அதைக் கடித்தது. ரெஜிலாவின் காது முழுதும் அறைப் பக்கம் இருந்தது. சுவிட்ச் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அவன் கையைத் தட்டிவிட முடியாது. அவ்வளவு நேரம் இருக்காது. ஆனால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சற்றுக் கழித்து அவன் மூச்சு அவள் தோளுக்குப் பின்னால் கேட்டது.

“ரெண்டு குட்டியா?”

“மிண்டாதீங்க,” என்று வாயில் விரல் வைத்தாள்.

தாய் தேனடையை உறிஞ்சுகிற சத்தம், பம்பு செட்டில் தண்ணீர் வற்றும்போது வருகிற மாதிரி கேட்டது. தேனீ கொட்டி ஒரு குட்டி மூக்கைத் தேய்த்துக்கொண்டு கீச்சிட்டது. தாய் தின்பதை நிறுத்தி அதை நக்கிக்கொடுத்தது. பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னலையே பார்த்தது. நெஞ்சில் வெள்ளைக் கோடு. ஜிஜின் அவள் கையை இறுகப் பிடித்தான். கரடி காற்றை இழுத்து மோந்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனது.

குட்டிகள் முதுகில் ஏறி, மூன்றும் மலைப்பக்கம் மறைந்த பிறகும் இருவரும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

“இனியும் வரும்,” என்றான் ஜிஜின்.

“வரட்டு.”

“வரட்டுண்ணா? பின்ன நாம என்ன செய்யிதுக்கு?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். உடைந்த சட்டங்களுக்கு நடுவே மண்டியிட்டு, அடைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ராணித் தேனீயைத் தேடினான். அவள் உடையாத காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து அருகில் வைத்தாள். அவன் ராணியை உள்ளங்கையில் பொத்தி எடுத்து, பெட்டி வாயில் கையைச் சாய்த்து வைத்தான். கூடிழந்த ஈக்கள் ராணியைத் தேடி வந்து அவன் விரலில், மணிக்கட்டில், முழங்கை வரைக்கும் கறுப்பாக அப்பிக்கொண்டன. அவன் கையை அசைக்கவில்லை. ஒன்றிரண்டு பெட்டிக்குள் போகத் தொடங்கின.