கூரை தொடாத சுவர்

...காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதை முதல் படியாக வைத்தது தப்பு, முதலில் ரெங்கம்மா தலை வாரட்டும், பிறகு வாசலில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும், கூடையும் கொழுந்தும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனுஜா தன் சிகிச்சைத் திட்டத்தை மனதுக்குள் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், கையில் பிளேன்டீ ஆறிப்போயிருந்தது, பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு வந்த பஸ் இடுப்பைக் கழற்றிவிட்டிருந்தது. எதிரே கட்டில் ஓரத்தில் ரெங்கம்மா, புருஷன் போனபின் தனியாள், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மலையில் கொழுந்தெடுக்க முதல் ஆளாக நிரை பிடித்தவளாம், இப்போது சேலையில் ஒட்டிய நூலை எடுக்கக்கூடத் தெம்பில்லை... கடுமையான மனச்சோர்வு என்றார் டாக்டர், மருந்து அவர் பாடு, பேச வைப்பது சமூகசேவையாளரான தனுஜாவின் பாடு, ஆனால் இந்த அம்மா பேசினால்தானே? எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேங்க மிஸ், அவ்வளவுதான். வாய் சொல்வதை நம்பி வருகையைக் குறைத்துவிடலாமா? ஐயோ, குறைத்து, இந்த மனுஷி ஏதாவது செய்துகொண்டால்?

"ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்டாள். "நல்லா தூங்குதுங்க மிஸ், ஒரு சத்தமும் இல்ல," என்று பதில் வந்தது, ரெங்கம்மாவிடமிருந்து இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியிடமிருந்து, பாசமான குரல்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. தனுஜா நிமிர்ந்து பார்த்தாள், சுவர் கூரையைத் தொடவில்லை, ஒட்டி ஒட்டிக் கட்டிய எந்த லயத்து வீட்டில்தான் தொட்டது, அவள் பிறந்த லயத்தில் அப்பா இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து கொத்தமல்லித் தண்ணி வரும், அம்மா அழுதால் ஏன்டி அழுவுற என்று ஒரு குரல் வரும், அதனாலேயே அம்மா அழுவதை விட்டுவிட்டாள்... பதுளையில் கதவு வைத்த ஒரு வாடகை அறை கிடைத்ததும் அதெல்லாம் எப்படி மறந்தது, எப்படி மறந்தாய் தனுஜா? போன தடவை இதே ஸ்டூலில் உட்கார்ந்து, பயிற்சியில் படித்தபடியே, தெளிவாக, குரலைத் தாழ்த்தாமல், செத்துடலாம்னு தோணுதாக்கா என்று கேட்டாளே, லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்திருக்குமே, அத்தனை காதுக்கு நடுவில் ரெங்கம்மா வேறென்னதான் சொல்வாள்? வெட்கத்தில் முகம் சுட்டது, அழுகையும் முட்டியது. வேறு எங்கேதான் கூட்டிப்போவது, மலையில் கங்காணி, பீலிக்கரையில் தண்ணிக்குக் குடம் பிடிக்கும் பெண்கள், கோயிலடியில் சீட்டாடும் ஆட்கள், மனம் விட்டு அழ இந்தத் தோட்டத்தில் ஓர் இடம் உண்டா...

ரெங்கம்மா எழுந்தாள். போய் டீவியைப் போட்டாள், சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், ஏதோ சோப்பு விளம்பரப் பாட்டு கூரைத் தகரத்தை அதிர வைத்தது. திரும்பி வந்து தனுஜாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, காதுக்கு எட்டும்படி முகத்தைத் தூக்கி, "அன்னைக்கு ஒன்னு கேட்டீங்களே மிஸ், அத இப்பக் கேளுங்க," என்றாள். தனுஜா வாயைத் திறந்தாள், மூடினாள், கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், பாட்டு முடியப் போகிறது, கேள் தனுஜா, கேள்... நல்லா இருக்கேங்க என்ற பதிலைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக பஸ் ஏறியது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.