அவன் திருகிய மூடி

கண்ணாடி ஜாடியின் அடியில் கறுப்புத் தாளை விரிக்கக் குனிந்தபோது விலாவில் சுரீரென்றது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிப்பவளைப் போல அப்படியே நின்றாள். காலையில் பீரோவின் கைப்பிடி மேல் புருஷன் அவளைத் தள்ளிய இடம் அது. சட்டைக் காலர் சரியாக மடியவில்லை என்பது காரணம். காரணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். அந்த விஷயத்தில் ஒழுங்கானவன். பிறகு நிதானமாகத் தலை வாரி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவளோடு ஒரே பஸ்ஸில் இதே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். இங்கே அவன் டிரில் மாஸ்டர். பிள்ளைகளுக்கு அவன் என்றால் உயிர். அவன் முகம் சுளித்துக்கூட இங்கே யாரும் பார்த்ததில்லை.

மேஜையில் இரண்டு ஜாடிகள், இரண்டு தெர்மாமீட்டர்கள், நடுவில் ஒரே பல்பு. ஒரு ஜாடியில் வெறும் காற்று. இன்னொன்றுக்கு, வினிகரில் சமையல் சோடா நுரைத்துக்கொண்டிருந்த கண்ணாடி ஜூஸ் பாட்டிலிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேஜை விளிம்பில் தாடையை ஊன்றிக் காத்திருந்தார்கள். மெல்ல மெல்ல இரண்டாவது ஜாடியின் தெர்மாமீட்டர் முந்திக்கொண்டது.

"இது மட்டும் ஏன் டீச்சர் ஏறுது?" என்றாள் வகுப்புத் தலைவி.

"வெளிச்சம் உள்ள வரப்போ இந்த வாயு தடுக்காது, வழி விட்டுடும். அது கறுப்புத் தாள்ல பட்டு வெப்பமாத் திரும்புது பாரு, அதைத்தான் சும்மா விடாது. வாங்கி வெச்சுக்கிட்டு, ஒரு பங்கைத் திரும்பக் கீழேயே அனுப்பும். பூமியைச் சுத்தியும் இதேதான் நடக்குது."

"ஆனா பாத்தா ரெண்டும் காலியாத்தானே இருக்கு?"

"நிறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. சூட்டை அளந்து பாத்தாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளை யாரும் அளந்து பார்த்ததில்லை. அம்மா மட்டும் ஒருமுறை அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்று எண்ணெய் தடவி அனுப்பி வைத்தாள்.

"என்ன டீச்சர், வீட்டுலதான் உப்புச்சப்பில்லாம சமைக்கிறீங்கன்னா இங்கயுமா?"

வாசலில் புருஷனின் குரல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைத் தேடி வந்த மாஸ்டர், பாட்டிலருகே குனிந்து காதை வைத்தான்.

"காத்து ஒழுகுதே! தினம் பந்துக்குக் காத்தடிக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? மூடி போட்டாத்தானே காத்து நிக்கும்?"

அவள் வாய் திறப்பதற்குள் தக்கையைக் குழாயோடு பிடுங்கினான். மிச்சமிருந்த சோடாவை மொத்தமாகக் கொட்டி, மூடியைப் போட்டு இறுக்கித் திருகினான். பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைப் போலத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தோல்பந்து விரிந்து கொடுக்கும். கண்ணாடி கொடுக்காது. ஒரே ஒரு சொல் போதும்: திறங்க. அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. பாட்டிலைச் சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தாள். நகம் வெட்டிய, சுத்தமான, அழகான விரல்கள். அவை மடங்கும்போது எப்படியிருக்கும் என்று இந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தனக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கோபம் இருந்திருந்தால் கத்தியிருப்பாள். அங்கே ஓர் அமைதி இருந்தது; அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

அப்போது பாட்டிலுக்கு நேர் கீழே, வாயைப் பிளந்து அண்ணாந்திருந்த வகுப்புத் தலைவியின் முகம் கண்ணில் பட்டது.

"பிள்ளைங்களா! பெஞ்சுக்கு அடியில போங்க! குனிங்க!"

அது அவள் குரலாகவே இல்லை. தலைவியை இழுத்துக் கீழே தள்ளி அவள் மேல் கவிழ்ந்தாள். பிள்ளைகள் சரிந்து விழுந்தார்கள்.

"அட, என்ன டீச்சர், இது என்ன குண்டா—"

பாட்டில் வெடித்த சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. கண்ணாடி மழையாகக் கொட்டியது. பிறகு யாரோ விசும்பும் ஒலி. அவள் எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் யார் மீதும் கீறலில்லை.

அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. கன்னத்தில் ஒரு சில்லு. வெள்ளைச் சட்டையில் வினிகரும் ரத்தமும் கலந்து இளஞ்சிவப்பாக இறங்கின. அவள் இடுக்கியை எடுத்துவந்து அவன் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முதல் துண்டு வெளியே வந்தபோது அவன் அலறினான். அவன் அலறி அவள் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்குக் கேட்காதபடி, வீட்டுக் குரலில் கேட்டான்.

"வெடிக்கும்னு உனக்குத் தெரியும்ல?"

அடுத்த சில்லைப் பற்றியிருந்த இடுக்கி ஒரு கணம் நின்றது.

"தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே, மைதானத்தில், மாஸ்டரின் அடுத்த வகுப்பு வரிசையாக நின்றது. அவன் வந்து விசில் ஊதும்வரை இறக்கக் கூடாது என்பதால், கைகளை முன்னால் நீட்டியபடி, நடுங்கும் விரல்களுடன், அத்தனை பிள்ளைகளும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.