காபிக் கடை ஃபிரிட்ஜில் ஒரு மருந்து

இமிகிரேஷனில் முத்திரை குத்தியதுமே ஓடியிருந்தால், ஊருக்குப் போகும் கடைசி உள்நாட்டு விமானத்தைப் பிடித்திருப்பேன். மூளை கெட்டவன், பெட்டிக்காக நின்றேன். அப்பாவின் ஊசி மருந்து அதில்தான் ஐஸ் பையோடு இருந்தது. ஊர்ப்பட்ட பெட்டிகளெல்லாம் வந்த பிறகுதான் என்னுடையது பெல்ட்டில் வந்தது. அதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்தது காலை ஆறரைக்கு.

மருந்து கெட்டுவிடுமே என்று காபிக் கடைக்காரரிடம் கெஞ்சி, அவருடைய ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தங்கைக்கு போன் போட்டேன். மூன்று நாளாக "ஓடி வாண்ணா" என்று உயிரை எடுத்தவள். கிழித்துத் தொங்கவிடுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"பிளைட்டை விட்டுட்டேன்மா. காலையிலதான் வர முடியும்."



"பரவால்லண்ணா. அவசரமில்ல. ஏதாவது சாப்ட்டுட்டு மெதுவா வா."

அம்மா போனபோதும் மாமா இதே குரலில்தான் என்னை மெதுவாக வரச் சொன்னார்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"சார், கவலையே படாதீங்க! விடியிற வரைக்கும் மருந்துக்கு ஒண்ணும் ஆகாது."