பின்னால் ஓர் எட்டு

ஓர்சொலாவுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்தான். அந்தக் கிறக்கம் தெளிவதற்குள் அண்ணன் ஸோர்ஸி ஒரு படத்தை அவள் கையில் திணித்தான். ஆங்கிலேயப் பிரபு ஒருவர் கேட்டிருந்த, கால்வாய்க் கரைச் சலூதே மாதா கோயில். கோயிலை அவன் எழுதி முடித்திருந்தான். அதன் நிழல் விழும் தண்ணீர்தான் பாக்கி. அவர்கள் பட்டறையில் தண்ணீர் எப்போதும் தங்கை பங்கு.

"போன தடவை உன் தண்ணியில கால் வெச்சா நனையாது, இடிக்கும்" என்று குத்தலாகச் சொல்லியும் வைத்தான்.

மாப்பிள்ளை பாஸ்தியான் கோயிலுக்கு எதிரே படகைக் கொண்டுபோய் நிறுத்தினான். துடுப்பைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தான். அவள் எழுதினாள், துடைத்தாள், மறுபடி எழுதினாள். தள்ளி நின்று பார்த்தால் புரியும் என்று, பட்டறையில் செய்வதுபோல் பின்னால் ஓர் எட்டு வைத்தாள். பின்னால் தரை இல்லை.

முக்குளித்து எழுந்து படகின் விளிம்பைப் பற்றியவள் அப்படியே தொங்கியபடி பார்த்தாள். கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டம். வெள்ளைக் குவிமாடம் நீரில் வெள்ளையாக இல்லை. பாசி கலந்த தேன் நிறம். இருண்ட வாசலோ வெளுத்திருந்தது. ஒவ்வோர் அலையும் குவிமாடத்திலிருந்து ஒரு கீற்றை உருவி அவள் மோவாய்வரை நீட்டியது.

பதறிக் கைநீட்டிய பாஸ்தியானிடம், "தூக்காதே. படத்தை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி, தூரிகையைக் குடு" என்றாள்.

அவன் சிரிப்பை அடக்க முடியாமல் படத்தைச் சாய்த்துப் பிடித்தான். ஒரு கையால் தொங்கிக்கொண்டு, மறுகையால் எழுதினாள். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பில் கை நடுங்க, அந்த நடுக்கமே அலையாகிப் படத்தில் ஏறியது.

பூசணிக்காய் ஏற்றிவந்த படகுக்காரன் வேகத்தைக் குறைத்தான். "ஏம்ப்பா, பொண்டாட்டியை ஊறப் போட்டிருக்கியா?"

"புதுசு அண்ணே, சாயம் போகுதான்னு பாக்குறேன்" என்றான் பாஸ்தியான்.

பட்டறையில் ஸோர்ஸி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். தங்கையின் பாவாடையிலிருந்து நீர் சொட்டித் தரையில் குளம் கட்டியது. திட்டப்போகிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"தண்ணி ஆடுது. என் கோயில்தான் மரமா நிக்குது" என்றான் கடைசியில். "மேல கோயிலையும் நீயே போடு."

அவன் எங்கே மனம் மாறிவிடுவானோ என்று, அவள் துணியை எண்ணெயில் தோய்த்து, அண்ணனின் குவிமாடத்தை ஒரே வீச்சில் வழித்தெடுத்தாள்.

ஸோர்ஸி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.